வீட்டில் வாசித்துக் காட்டப்போகும் தாள்

தருமபுரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. செப்டம்பரில் நீங்கள் நடத்தப்போகும் கட்டற்ற மென்பொருள் மாநாட்டுக்கான துண்டறிக்கை மாதிரியை உங்கப்பா கொண்டுவந்து கொடுத்தான். நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து, கைக்காசு போட்டு, ராத்திரி கண் விழித்துச் செய்கிறீர்கள் என்றான். மனம் நிறைந்துபோனது. அச்சகத்திலேயே வாழ்நாளைக் கழித்தவன் என்பதால் இந்தத் தாளைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் பக்கத்தில் சிறப்பு விருந்தினர்களின் படங்கள் வரிசையாக நிற்கின்றன. உள்ளே கிட், டாக்கர், குபர்னெட்டிஸ் என்று பெயர்கள். ‘தொழில்துறை வல்லுநர்களுடன் கலந்துரையாடும் அரிய வாய்ப்பு’ என்று ஒரு வரி. தேதியும் இடமும் பின்பக்கத்தில், பொடி எழுத்தில். டாக்கர் என்னவென்று தெரிந்த பையனுக்கு இந்தத் தாளே தேவையில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் வந்துவிடுவான். அந்த வாட்ஸ்அப் குழுவில் இல்லாதவர்களுக்காகத்தானே தாள் அடிக்கிறோம்?

அவர்கள் யார் என்று யோசி. பென்னாகரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிற பெண்ணின் கையில் இது கிடைக்கிறது என்று வை. மடித்துப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவாள். ‘என்னடி அது நோட்டீசு?’ என்று அம்மா கேட்பாள். அவள் வாசித்துக் காட்டுவாள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் நம்முடையது, நூற்றுக்கு 68.5 பேர். இன்றைக்கும் எத்தனையோ வீடுகளில் தடையில்லாமல் படிக்கத் தெரிந்த முதல் ஆள் பிள்ளைதான். பெண்ணை ஒரு நாள் தருமபுரிக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர்கள் உங்கள் தாளைக் காதால்தான் கேட்கப்போகிறார்கள். அதனால் ஒவ்வொரு வரியையும் எழுதி முடித்ததும் உரக்கப் படித்துப் பார். மூச்சு வாங்குகிற வரியை வெட்டு. கேட்டவுடன் மனசில் நிற்காத வார்த்தையை எடுத்துவிடு.

‘அரிய வாய்ப்பு’ இருந்த இடத்தில் இப்படி எழுதிப் பார்: ‘உங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் மடிக்கணினியைக் கொண்டுவாருங்கள். அதில் கட்டற்ற மென்பொருள் போட்டுக் கொடுத்து, எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித் தருகிறோம். பணம் வேண்டாம்.’ இதைக் கேட்கிற அம்மாவுக்கு உடனே பரண் ஞாபகம் வரும். 2011-இல் தொடங்கி அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுத்த மடிக்கணினி நம் மாவட்டத்தில் எத்தனை வீட்டில் இருக்கிறது! அண்ணன் வாங்கியது, அக்கா வாங்கியது. அரசு நிறுவனமான எல்காட் வழியாக வந்த அந்தக் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய அந்த பாஸ், டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டது. நீங்கள் மேடையேறிச் சொல்லப்போகும் விஷயம் நம் ஊர் வீடுகளுக்குள் எப்போதோ வந்துவிட்டது. அது இன்னதென்று எடுத்துச் சொல்லத்தான் யாரும் வரவில்லை. எனக்குத் தெரிந்த பலர் அதை அழித்துவிட்டு, கடையில் காசு கொடுத்துத் திருட்டு விண்டோஸ் ஏற்றிக்கொண்டார்கள். உங்கள் மாநாட்டுக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

ஆனால் கொடுக்க முடியாததை எழுதிவிடாதே. பேட்டரி செத்ததையும் ஹார்ட் டிஸ்க் போனதையும் நீங்கள் சரிசெய்ய முடியாது. ‘மின்சாரம் கொடுத்தால் ஓடுகிற நிலையில் இருந்தால் போதும், சார்ஜரும் எடுத்து வாருங்கள்’ என்று சேர்த்துக்கொள். பாலக்கோட்டிலிருந்து ஓடாத கணினியைச் சுமந்துவந்து திரும்புகிற பிள்ளை அடுத்த வருஷம் வராது.

விழுப்புரத்தை நீ அறிவாய். 2023 ஜனவரி 28, 29 தேதிகளில் அங்கே பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியில் டெபியன் சமூகத்தின் சிறு மாநாடு நடந்தது. 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியனுக்கு உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆண்டு மாநாடு முதல்முறையாக இந்தியாவுக்கு, கொச்சிக்கு வந்தது அதே ஆண்டு செப்டம்பரில்தான். அதற்கு ஏழு மாதத்துக்கும் மேல் முன்பே, பெருநகரம் அல்லாத விழுப்புரத்தில் இப்படியொன்று நடந்ததென்றால், அங்குள்ள குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்கு வருஷக்கணக்கில் இலவசமாகச் சொல்லிக்கொடுத்து வந்ததே காரணம். முகம் தெரிந்த அண்ணன், அக்கா கூப்பிட்டால் பிள்ளைகள் வருவார்கள். இங்கே இன்னும் அந்த முகம் இல்லை. அதனால் தாளைப் பேருந்து நிலையத்தில் நின்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் நீட்டாதே. உங்களில் அரூர்க்காரன் அரூருக்கு எடுத்துப்போகட்டும், காரிமங்கலத்துப் பெண் தான் படித்த பள்ளிக்கே போகட்டும். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, வகுப்பில் ஐந்து நிமிஷம் பேசிவிட்டுக் கையில் கொடுங்கள். நூலகம், தட்டச்சுப் பயிலகம், ஜெராக்ஸ் கடை இவற்றில் கொஞ்சம் வைக்கலாம். செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமையை நீங்கள் எடுத்தது சரி. 2004-இல் தொடங்கிய மென்பொருள் சுதந்திர தினம் பெரும்பாலும் அந்த நாளில்தான் வரும். அன்றைக்குப் பள்ளி வேலைநாளா என்று மட்டும் அச்சுக்குப் போகும் முன் விசாரித்துவிடு.

பெற்றவர்கள் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எப்போது திரும்புவாள்? அதற்குப் பதில் முதல் மடிப்பிலேயே இருக்க வேண்டும். எத்தனை மணிக்குத் தொடக்கம், எத்தனை மணிக்கு முடிவு, மதியச் சாப்பாடு உண்டா, எங்கே இறங்குவது, எந்த டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதையும் ஒரு வரி போடு, வீட்டில் கணக்குப் பார்ப்பவர்களுக்கு உதவும். பெண் பிள்ளைகளும் நடத்துகிற குழு இது என்பது தெரியட்டும். தொடர்புக்கு ஒரு பெண்ணின் குரல் எடுக்கிற எண் வேண்டும். ஆனால் உன் சொந்த எண்ணையோ தோழிகளின் எண்ணையோ அச்சில் போடவே கூடாது. தாள் யார் கைக்குப் போகும் என்று நம்மால் சொல்ல முடியாது. மாநாட்டுக்கென்று புதிதாக ஒரு சிம் வாங்கு, முடிந்ததும் அணைத்து வை. இதில் மட்டும் பெரியப்பா பேச்சைத் தட்டாதே.

விருந்தினர்கள் படத்தைப் பற்றி. அவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு அழைப்பிதழ் இருக்கிறது. தனியாகக் கொஞ்சம் அடித்து நேரில் போய்க் கொடுங்கள். பணம் தருகிறவர்களின் பெயரும் சின்னமும் கடைசி மடிப்பில் இருக்கட்டும். முன்பக்கம் யாருக்கும் விற்பனைக்கு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு மனக்கசப்பு வராது.

இனி அச்சு விஷயம். நாலு கலரில் அடிக்க ஆசைப்படுகிறீர்கள். நாலு கலர் என்றால் ஒரு பக்கத்துக்கு நாலு ப்ளேட், இரண்டு பக்கத்துக்கு எட்டு. ஒற்றைக் கலருக்கு இரண்டே. மிச்சமாகும் பணத்தில் சாப்பாடு போடலாம். வழுவழுப்பான ஆர்ட் பேப்பரும் வேண்டாம். அதில் பால்பாயிண்ட் பேனா சரியாக எழுதாது. நல்ல மேப்லித்தோ தாளில் கருப்பு மையில் அடி. பிள்ளைகள் அதன் ஓரத்திலேயே பஸ் நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். மீறிக் கலர்தான் வேண்டுமென்றால், எழுத்துக்குக் கருப்பு மை மட்டும் விழும்படி பார்த்துக்கொள். இங்க்ஸ்கேப்பிலிருந்து வரும் பிடிஎஃப் திரைக்கான வண்ணத்தில் இருக்கும். அது மிஷினுக்கு மாறும்போது கருப்பு நாலு மையாகப் பிரிந்துவிடும். ஒரு மை மயிரிழை விலகினாலும் எழுத்து நிழல் தட்டும். முதலில் பலியாவது மெய்யெழுத்தின் புள்ளி. உன் மாதிரியில் கருநீலப் பின்னணியில் வெள்ளைப் பொடி எழுத்து இருக்கிறதே, அங்கே மை பரவிப் புள்ளிகள் அடைத்துக்கொள்ளும். தமிழை வெள்ளையில் வைப்பதானால் எழுத்து பெரிதாகவும் தடிமனாகவும் இருக்க வேண்டும்.

பக்க வடிவமைப்பை ஸ்கிரைபஸில் செய். பழைய 1.4 பதிப்பில் தமிழ் உடையும். 2024 தொடக்கத்தில் வந்த 1.6 பதிப்பில் கொம்பும் காலும் ஒழுங்காக உட்காருகின்றன. கருப்பு மையை மட்டும் தேர்ந்தெடுக்கவும் அதில் வழியுண்டு. ஏ4 தாள் 297 மில்லிமீட்டர். மூன்று மடிப்பையும் சமமாகப் பிரித்திருக்கிறாய். உள்ளே மடங்குகிற பகுதி சற்றுக் குறுகலாக இருந்தால்தான் தாள் முட்டாமல் மடியும். 100, 100, 97 என்று வை. பின்பக்கத்தில் அந்த 97 எதிர்ப்புறம் வரும், மறந்துவிடாதே. சுற்றிலும் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் விடு. அச்சகத்துக்கு வேர்ட் கோப்பு கொடுக்காதே. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டாலும், பழைய எழுத்துரு வைத்துக்கொண்டு பேஜ்மேக்கரில் ஓட்டுகிற டிடிபி மேசைகள் இன்னும் இருக்கின்றன. மாற்றும்போது ஒற்று விழும், ‘கொ’ உடையும். எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் மட்டும் கொடு.

எழுத்துரு என்றதும் இன்னொன்று. நீ தலைப்புக்குப் போட்டிருப்பது எங்கிருந்தோ இறக்கிய விலை எழுத்துரு போலத் தெரிகிறது. உரிமம் பற்றிப் பேசப்போகும் மாநாட்டின் தாளிலேயே உரிமம் மீறக் கூடாது, பாப்பா. நோட்டோ தமிழ், கட்டமரன், மீரா இனிமை எல்லாம் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன. ஒகேனக்கல் படமும் அப்படித்தான். கூகுளில் தேடி எடுத்ததை நீக்கிவிட்டு விக்கிமீடியா பொதுவகத்தில் பார். எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் படத்துக்குக் கீழே போடு. முடிந்தால் உங்களில் ஒருவர் எடுத்த படத்தையே வையுங்கள், அருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. முழுக் கோப்பையும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுங்கள். கிருஷ்ணகிரியிலோ திருப்பத்தூரிலோ நாலு பிள்ளைகள் இதே போல் ஆரம்பித்தால், தேதியையும் ஊரையும் மாற்றி அடுத்த வாரமே அச்சுக்கு அனுப்பலாம்.

திருத்தியதும் செல்பேசியில் அனுப்பாதே. தாளில் எடுத்து, மடித்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவா. வருவதற்கு முன் உன் பாட்டியிடம் முழுக்க வாசித்துக் காட்டு. அவர் கேட்கிற கேள்வியை எல்லாம் ஓரத்தில் எழுதிக்கொள். அதற்கெல்லாம் பதில் சேர்த்த பிறகு ப்ளேட் போடலாம்.

அன்புடன்,
பெரியப்பா