மின்னஞ்சல் போய்ச் சேர்ந்ததா? டேட்டாபேஸிடமே கேட்கும் வழிகள்

"பணம் கட்டிவிட்டேன், ரசீது மெயில் வரவே இல்லை" என்று வாடிக்கையாளர் அழைக்கிறார். இணையக் கடையின் உதவி மையத்தில் இருப்பவர் ஆர்டரைத் திறந்து பார்க்கிறார். 'அனுப்பப்பட்டது' என்கிறது திரை. அது போய்ச் சேர்ந்ததா, எதிர்முனை சர்வர் திருப்பி அனுப்பிவிட்டதா என்பதோ போஸ்ட்மார்க், சென்ட்கிரிட், மெயில்கன் போன்ற ஏதாவது ஒரு மின்னஞ்சல் சேவையின் டாஷ்போர்டில் இருக்கிறது. ஆர்டர் எண் ஓரிடம், மெசேஜ் ஐடி வேறிடம். இரண்டையும் ஒரே எஸ்க்யூஎல் வரியில் சேர்த்துக் கேட்க வழி இருக்கிறதா?

ஒன்றுக்கு மேலேயே இருக்கிறது. எந்தக் கேள்விக்கு எந்த வழி என்பதில்தான் சிக்கல்.

முதல் வழி ஃபாரின் டேபிள். வெளியில் இருக்கும் தரவை உள்ளூர் டேபிள் போலக் காட்டும் இந்த ஏற்பாடு, எஸ்க்யூஎல் தர நிர்ணயத்தில் 2003-லேயே இடம்பெற்றது. போஸ்ட்கிரெஸில் இது 2011-ல் வந்த 9.1 பதிப்பில் படிக்க மட்டும் கிடைத்தது, 2013-ன் 9.3 பதிப்பில் எழுதவும் முடிந்தது. இடையில் நின்று மொழிபெயர்க்கும் நிரலுக்கு ஃபாரின் டேட்டா ராப்பர் என்று பெயர். செலக்ட் போட்டால் அது சேவையின் ஏபிஐ-யை அழைத்து, வரும் ஜேசனை வரிசைகளாக்கித் தரும். பைத்தானில் எழுதத் தெரிந்தவர்களுக்கு மல்டிகார்ன் இருக்கிறது. ஐமேப் அஞ்சல்பெட்டியைப் படிக்கும் ராப்பர் ஒன்று அதனுடனேயே வருகிறது. ரஸ்ட் மொழிக்காரர்களுக்கு சுபாபேஸின் ராப்பர்ஸ் உண்டு. எதையும் எழுத விரும்பாதவர்கள் ஸ்டீம்பைப்பின் பிளக்இன்களைப் பார்க்கலாம்.

ஒரு முகவரி, ஒரு மெசேஜ் ஐடி என்று கேட்கும்போது இந்த வழி அருமையாக வேலை செய்யும். அந்த நொடி வரையிலான நிலவரம் கிடைக்கும். சேமிப்புச் செலவு கிடையாது. கேள்வி பெரிதாகும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

நேற்றைய ஆர்டர்களை மின்னஞ்சல் டேபிளோடு ஜாயின் செய்வதாக வைத்துக்கொள்வோம். வேர் நிபந்தனையை ஏபிஐ-யின் தேடல் அளவுருவாக மாற்றி அனுப்ப ராப்பருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அது எல்லா மின்னஞ்சல்களையும் இழுத்து வந்து, அதன் பிறகே வடிகட்டும். தெரிந்திருந்தாலும் இன்னொரு வம்பு உண்டு. பிளானர் நெஸ்டட் லூப்பைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஓர் ஏபிஐ அழைப்பு போகும். மளிகைப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகக் கடைக்குப் போய் வருவது மாதிரி. நேற்று 4,000 ஆர்டர் என்றால் 4,000 அழைப்பு. பாதி வழியிலேயே சேவை 429 என்ற எண்ணைக் காட்டிக் கதவைச் சாத்தக்கூடும். எக்ஸ்பிளெய்ன் போட்டுப் பார்க்காமல் இந்த ஜாயினை இயக்குவது விவேகமல்ல.

பிழைச் செய்தி வந்தால்கூட நல்லதுதான். பிழையே காட்டாமல் தப்பான விடை வருவது அதைவிட மோசம். போஸ்ட்மார்க்கின் தேடல் ஏபிஐ ஓர் அழைப்புக்கு 500 மின்னஞ்சல் வரைதான் தரும். பக்கம் பக்கமாகப் போனாலும் ஒரு தேடலில் 10,000-ஐத் தாண்ட முடியாது. கவனமில்லாமல் எழுதிய ராப்பர் அந்த எல்லையில் சத்தமில்லாமல் நின்றுவிட்டால், கவுண்ட் கேட்டவருக்கு 10,000 என்ற எண் கிடைக்கும். அதை அவர் உண்மை என்றே எடுத்துக்கொள்வார். பழைய விவரமும் நிரந்தரமல்ல. போஸ்ட்மார்க் சாதாரணமாக 45 நாள்கள் வைத்திருக்கும். சென்ட்கிரிட்டில் கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால் சில நாள்கள்தான். போன காலாண்டின் கணக்கை ஃபாரின் டேபிளிடம் கேட்டுப் பயனில்லை.

ஃபாரின் டேபிளில் இன்சர்ட் செய்தால் மின்னஞ்சல் போகும்படியும் ராப்பர் எழுதலாம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் டிரான்சாக்ஷன் ரோல்பேக் ஆனால் வரிசை மறைந்துவிடும், போன மின்னஞ்சல் திரும்பி வராது. இந்த ஆசையைத் தவிர்ப்பதே நல்லது.

இரண்டாவது வழியில் யாரும் யாரையும் கேட்பதில்லை. டெலிவரி, பவுன்ஸ், ஸ்பாம் புகார் என்று ஒவ்வொரு நிகழ்வும் நடக்க நடக்க சேவையே வெப்ஹூக் மூலம் சொல்லும்; அதைச் சொந்த டேபிளில் எழுதிக்கொள்ள வேண்டும். அமேசான் எஸ்இஎஸ் பயன்படுத்துபவர்களுக்கு இதுவே இயல்பான வழி. நிகழ்வுகளை எஸ்என்எஸ் போன்ற இடத்துக்கு அனுப்பச் சொல்லி அங்கிருந்து எடுத்துக்கொள்வார்கள். விகிதம் கணக்கிட இந்த டேபிள் அவசியம். எஸ்இஎஸ்-ல் பவுன்ஸ் 5 சதவீதத்தைத் தொட்டால் கணக்கு பரிசீலனைக்குப் போகும். 10 சதவீதத்தில் அனுப்புவதையே நிறுத்திவைக்கலாம். நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புபவர்கள் ஸ்பாம் புகாரை 0.3 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் 2024 பிப்ரவரியில் விதி கொண்டுவந்தது.

வேலை கொஞ்சம் கூடுதல்தான். ஒரே நிகழ்வு இரண்டு முறை வரலாம். வரிசை மாறியும் வரலாம். சென்ட்கிரிட் ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனி ஐடி தருகிறது. அதன்மேல் யூனிக் கட்டுப்பாடு வைத்தால் இரட்டைப் பதிவு வராது. வாங்கும் சர்வர் படுத்துவிட்டால் சென்ட்கிரிட் 24 மணி நேரம் வரை திரும்ப முயலும். அதற்குள் எழுப்பாவிட்டால் அந்த நிகழ்வுகள் போனவைதான். 'திறக்கப்பட்டது' என்ற நிகழ்வை மட்டும் பெரிதாக நம்ப வேண்டாம்: 2021-ல் ஆப்பிள் மெயில் கொண்டுவந்த அந்தரங்கப் பாதுகாப்பு வசதி, பெறுபவர் பார்க்காமலே படங்களை இறக்கிவிடுகிறது.

இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம் உண்டு. ஃபாரின் டேபிளின் மேல் மெட்டீரியலைஸ்டு வியூ ஒன்றை அமைத்து, பிஜி கிரான் மூலம் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். அறிக்கை கேட்பவர்கள் ஏபிஐ-யைத் தொடவே மாட்டார்கள். புதுப்பிக்கும்போது படிப்பவர்கள் காத்திருக்கக் கூடாது என்றால் கன்கரன்ட்லி வேண்டும். அதற்கு யூனிக் இண்டெக்ஸ் அவசியம். சிறிய கடைகளுக்கு இதுவே போதும்.

ராப்பரை எங்கே நிறுவுவது என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். அமேசான் ஆர்டிஎஸ் போன்ற நிர்வகிக்கப்படும் சேவைகளில் மல்டிகார்னை நிறுவ முடியாது. தனியாக ஒரு சிறிய போஸ்ட்கிரெஸ் சர்வரில் ராப்பரை வைத்து, ஆர்டிஎஸ்-லிருந்து போஸ்ட்கிரெஸ் எஃப்டிடபிள்யூ மூலம் அதை எட்டிப்பிடிக்கலாம். இதில் ஒரு லாபமும் இருக்கிறது: பயனர் மேப்பிங்கில் ஏபிஐ சாவியை எழுதினால் அது மறையாக்கம் இல்லாமல் கேட்டலாகில் இருக்கும், பேக்கப்பிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். தனி சர்வரில் இருந்தால் முக்கிய டேட்டாபேஸின் பேக்கப்பில் அந்தச் சாவி இருக்காது. படிக்க மட்டும் உரிமையுள்ள சாவி கிடைக்கும் சேவையில் அதையே வாங்க வேண்டும்.

ஒரு மின்னஞ்சலைப் பற்றிய கேள்விக்கு ஃபாரின் டேபிள். லட்சம் மின்னஞ்சல்களைப் பற்றிய கேள்விக்கு வெப்ஹூக். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் வெப்ஹூக்கை முதலில் இயக்குங்கள். இயக்கிய நாளுக்கு முந்தைய நிகழ்வுகளை அது அனுப்பாது. சேவையில் மிச்சமிருக்கும் பழைய நாள்களைப் பிறகு ஃபாரின் டேபிள் வழியாக, நாளுக்கு ஒரு தேடலாகப் பிரித்து இழுத்து, அதே டேபிளில் சேர்த்துக்கொள்ளலாம்.