ஆச்சியின் பெயரையும் எழுதுங்கள்

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஏரலில் பீரோவும் டிரங்குப் பெட்டியும் நனைந்த வீடுகள் பல. ஜெயில் சர்டிபிகேட்டோ தியாகி பென்ஷன் காகிதமோ மிஞ்சியிருந்தால், குடும்பத்தின் விடுதலைப் போராட்டக் கதையை இப்போதே எழுதிவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

• ஆச்சியிடம் உட்கார்ந்து கேளுங்கள். 1942 குலசேகரன்பட்டினத்தில் உப்புத்துறை அதிகாரி லோன் கொல்லப்பட்ட வழக்கில் சிக்கிய ஆண்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். அவர்கள் உள்ளே இருந்தபோது வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது? எந்த நகை அடகுக்குப் போனது? தலைமறைவாக வந்தவர்களுக்குச் சோறு போட்டது யார்? ஆச்சிக்கு அவர் மாமியார் சொன்னதையும் விடாதீர்கள். பென்ஷனுக்குக் கேட்டது பெரும்பாலும் சிறைச் சான்று. சோறு போட்டதற்கு யார் சான்று கொடுத்தார்கள்?

• பெண்ணுக்கு அவருடைய சொந்தப் பெயரைக் கொடுங்கள். 1913-இல் தென்னாப்பிரிக்காவில் காந்தியின் சத்தியாகிரகத்தில் பதினொரு பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், நியூகாசிலுக்குப் போய் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். அறுவரின் இடுப்பில் கைக்குழந்தை. ஆளுக்கு மூன்று மாதக் கடுங்காவல். காந்தி அவர்களை மறக்காமல் பட்டியலிட்டார். ஆனால் பட்டியலின் பெரும்பகுதி ‘திருமதி தம்பி நாயுடு’, ‘திருமதி பி.கே. நாயுடு’ என்றே போகிறது. திருமதி தம்பி நாயுடுவின் பெயர் வீரம்மாள்.

• நனைந்த காகிதத்தை நிழலில் உலர்த்துங்கள். லேமினேஷன் வேண்டாம்.

செய்யக்கூடாதவை

• தில்லையாடி வள்ளியம்மையோடு நிறுத்திவிடாதீர்கள். அதே தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் சிறை சென்று, 1914 பிப்ரவரி 22-இல், பதினாறு வயதில் இறந்த அந்தப் பெண்ணைக் கொண்டாடுகிறோம். கூடவே சிறை சென்ற தாய் மங்களத்தை எத்தனை பேருக்குத் தெரியும்?

• வெள்ளைக்காரன் வைத்த பெயரை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். 1929-இல் நைஜீரியாவில், தங்கள்மீதும் வரி வரும் என்று எழுந்த பெண்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆட்சியாளருக்கு அது ‘அபா கலவரம்’. இக்போ மக்களுக்கு ‘பெண்கள் போர்’. 1908 திருநெல்வேலி எழுச்சியையும் கலவரம் என்றுதான் எழுதி வைத்தார்கள்.

• ‘கணவருக்கு உறுதுணையாக இருந்தார்’ என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். அவர் செய்த வேலையை எழுதுங்கள்: கடிதம் கடத்தினாரா, கடை நடத்தினாரா, மறியலில் நின்றாரா?

அடுத்த விசேஷத்துக்கு ஊருக்கு வரும்போது, சுவரில் மாட்டியிருக்கும் பழைய போட்டோவைக் கழற்றுங்கள். அதில் நிற்கும் பெண்களின் பெயர்களைக் கேட்டு, பின்பக்கம் பென்சிலால் எழுதிவிட்டு மாட்டுங்கள்.