முடவாட்டுக்கால் சூப்பும் ஒரு குலுக்கலும்

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் தடவை படித்தபோது ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. இரண்டாம் தடவை அதற்கு நேர்மாறான ஒரு வரி தோன்றியது. அப்புறம் மடித்து வைத்துவிட்டேன். கேள்வி உனக்கு மட்டும் உரியதல்ல என்பதால் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உன் பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன்.

கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளியில் அம்மா முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்கிறார். நீ பி.எஸ்சி. முடித்து, வேலை தேடிக்கொண்டே கடையையும் பார்த்துக்கொள்கிறாய். எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, தலைசுற்றலோடு வண்டியை ஓரங்கட்டுகிறவர்கள் உங்கள் கடையில் நிற்கிறார்கள். மறுமுறை வரும்போது பத்துப் பேரில் எட்டுப் பேர் “முட்டி வலி போயே போச்சு” என்கிறார்கள். கூடப் படித்தவனோ “எல்லாம் டுபாக்கூர்” என்கிறான். “ஐயா, நான் ஜனங்களுக்கு நல்லது செய்கிறேனா, ஏமாற்றுகிறேனா?” என்று கேட்டிருக்கிறாய்.

முதலில் அந்தப் பத்துப் பேர். அவர்கள் எல்லோருமே திரும்பி வந்தவர்கள் என்பதைக் கவனித்தாயா? சூப்புக்கு வலி கேட்காதவன், “உன் சூப்புக்கு என் வலி கேட்கவில்லை” என்று சொல்வதற்காக ஈரோட்டிலிருந்து பெட்ரோல் போட்டுக்கொண்டு வரமாட்டான். அவன் உன் கணக்கிலேயே இல்லை. அப்படி எத்தனை பேர் என்பதும் உனக்குத் தெரியாது.

அடுத்தது, அவர்கள் எப்போது குடிக்கிறார்கள் என்பது. ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரம் படிக்கு மேல். இறங்கும்போது அருவிச் சத்தத்தில் ஒன்றும் தெரியாது. ஏறும்போதுதான் முட்டி பேச ஆரம்பிக்கும். அந்த முட்டியோடு உன்னிடம் வருகிறார்கள். இரண்டு நாள் சும்மா கிடந்தாலே அந்த வலி பாதியாகிவிடும். நாள்பட்ட மூட்டு வலியும் ஒரே அளவில் நிற்பதில்லை. ஏறும், இறங்கும். உச்சத்தில் நிற்கும்போதுதான் மனிதன் மருந்தைத் தேடுகிறான், உச்சத்துக்கு அப்புறம் பெரும்பாலும் இறக்கம்தான். அந்த இறக்கத்தில் நீ டம்ளரை நீட்டிக்கொண்டு நிற்கிறாய்.

பிரான்சிஸ் கால்டன் என்ற இங்கிலாந்துக்காரர் 1886-ல் இதை மனிதர்களின் உயரத்தில் காட்டினார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள், சராசரியாகப் பார்த்தால், பெற்றோர் அளவுக்கு உயரமாக இல்லை. நடுவை நோக்கித் திரும்பியிருந்தார்கள். நம் காட்டிலும் இது நடக்கிறது. ஒரு வருஷம் மரவள்ளி அமோகமாக விளைகிறது, கிழங்கில் மாவுச்சத்துப் பாயிண்டும் நன்றாக நிற்கிறது. அடுத்த வருஷம் சுமார். “கண் பட்டுடுச்சு” என்று பூசணிக்காய் உடைக்கிறோம். அதற்கடுத்த வருஷம் கொஞ்சம் தேறினால் பெருமை பூசணிக்காய்க்குப் போகிறது. மழை, வெயில், பூச்சி எல்லாம் ஒரே சமயத்தில் நமக்குச் சாதகமாக அமைந்த ஒரு வருஷம், மறுபடியும் அப்படியே அமையவில்லை. நடந்தது அவ்வளவுதான்.

அப்படியானால் உன் நண்பன் சொல்வது சரி என்று முடிவு கட்டிவிடாதே. எட்டுப் பேர் சாட்சி சொல்வதால் சூப் வலியைப் போக்குகிறது என்று ஆகாது. அந்தச் சாட்சி செல்லாது என்பதால் சூப் போக்கவில்லை என்றும் ஆகாது. மரத்திலும் பாறையிலும் ஒட்டி வளரும் அந்தப் பெரணிக் கிழங்கின் சாறு எலிகளிடம் வீக்கத்தைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. எலிக்கும் ஈரோட்டுக்காரருக்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது. ஆனாலும் கதவு மூடப்படவில்லை. உன் நண்பன் கதவைத் தட்டிப் பார்க்காமலே பூட்டு போடுகிறான். சந்தேகப்படுவதும் சோம்பலும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், தம்பி.

கேட்கவேண்டியது ஒன்றே ஒன்று. இவர் சூப் குடிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரே ஆள் குடிக்கவும் குடிக்காமல் இருக்கவும் முடியாது. அதனால் இவருக்குப் பதிலாக நிற்க இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவரை எப்படிப் பொறுக்குவது என்பதற்கு உலகத்துக்கே பாடம் சொன்ன ஊர் நம் சென்னை.

தாம்பரத்துக்கு முன்னால் ‘தாம்பரம் சானடோரியம்’ என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறதே, பார்த்திருப்பாய். காசநோய் வந்தவர்களை மாதக்கணக்கில் படுக்க வைத்த காலத்தின் மிச்சம் அந்தப் பெயர். நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை, இவை இல்லாமல் காசம் தீராது என்று உலகம் முழுக்க நம்பினார்கள். மலைக்காற்றுக்கு அதில் தனி மரியாதை. குணமாகி வீடு திரும்பியவர்களும் அதையே சொன்னார்கள். உன்னுடைய எட்டுப் பேரைப் போலத்தான்.

ஆனால் இந்தியாவில் அத்தனை நோயாளிகளுக்கும் கட்டில் போட எந்த அரசாலும் முடியாது. 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து நடத்தியது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் முன்னின்றார். நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த சுமார் இருநூறு நோயாளிகள். இரண்டு பங்காகப் பிரித்து ஒரு பங்கை சானடோரியத்துக்கு அனுப்பினார்கள், மறுபங்கை வீட்டுக்கே அனுப்பினார்கள். மருந்து இரண்டு பங்குக்கும் ஒன்றேதான், ஒரு வருஷத்துக்கு.

யார் எங்கே போவது என்று முடிவு செய்தது மருத்துவர் அல்ல. குலுக்கல்!

ஏன்? மருத்துவர் நல்லவர் என்பதுதான் சிக்கல். “இந்தப் பெண் ரொம்ப மெலிந்திருக்கிறாள், கட்டிலில் படுக்கட்டும்” என்று இரக்கப்படுவார். மோசமானவர்கள் எல்லாம் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டால், கடைசியில் தெரிகிற வித்தியாசம் கட்டிலால் வந்ததா, வந்தவர்களால் வந்ததா என்று பிரிக்க முடியாது. குலுக்கலுக்கு இரக்கமும் தெரியாது, பட்சபாதமும் தெரியாது. குலுக்கல் என்றதும் நமக்கு 2003-ல் தடை செய்த லாட்டரிச் சீட்டுதான் ஞாபகம் வருகிறது. ஆனால் உத்திரமேரூர்க் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், சுமார் 920-ஆம் ஆண்டில் வெட்டிய கல்வெட்டைப் பார். சபைக்கு ஆள் எடுக்க ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறு பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மனிதனின் கை படாமல் இருக்கவேண்டிய இடத்தில் தற்செயலைக் கொண்டுவந்து உட்கார வைத்த புத்தி அது. அதே புத்தியைத்தான் அந்த மையமும் பயன்படுத்தியது.

முடிவு 1959-ல் வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான வீடுகளில், குறைவாகச் சாப்பிட்டு, ஓய்வும் குறைவாக இருந்தவர்கள். அப்படியும் குணமானவர்களின் கணக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. வீட்டில் கூட இருந்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. காற்றுக்கும் கட்டிலுக்கும் போய்க்கொண்டிருந்த பெருமை மருந்துக்குச் சேரவேண்டியது என்று தெரிந்தது. நாளடைவில் உலகம் முழுவதும் சானடோரியங்கள் காலியாயின.

உன் கடைக்கு வருவோம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. வருகிறவர் சம்மதித்தால், குடிப்பதற்கு முன்னால் வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டு எழுது. போன் நம்பர் வாங்கிக்கொண்டு இரண்டு வாரம் கழித்து நீயே கூப்பிடு. திரும்பி வருகிறவர்களை மட்டும் எண்ணாதே. இதுவே பாதிக் கண்ணைத் திறந்துவிடும். இன்னும் தைரியம் இருந்தால் இரண்டு பாத்திரம் வை. ஒன்றில் கிழங்கு போட்ட சூப், இன்னொன்றில் அதே மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம், கிழங்கு மட்டும் இல்லை. “இரண்டில் ஒன்று கிடைக்கும், எது என்று அப்புறம் சொல்கிறேன்” என்று முதலிலேயே சொல்லிவிட்டு, பூவா தலையா போட்டு ஊற்று. அந்த டம்ளருக்குக் காசு வாங்காதே. அம்மா திட்டுவார். கிழங்கு போடாத சூப்பைப் பார்த்து எந்த அம்மாவும் திட்டத்தான் செய்வார்.

ஒன்றை மனசில் வைத்துக்கொள். நல்ல காசு ஒன்றைப் பத்து முறை சுண்டினால், ஏழோ அதற்கு மேலோ தலை விழுவது ஏறக்குறைய ஆறில் ஒரு தடவை நடக்கும். பத்துப் பேரை வைத்து ‘பார்த்தாயா!’ என்று குதித்தால் காசைப் பார்த்துக் குதித்த மாதிரிதான். நூறு பேர் சேரட்டும்.

கடிதத்தின் கடைசியில், பயனுள்ளதாக வாழ்வது எப்படி என்றும் கேட்டிருக்கிறாய். எனக்கு அங்கேயும் அதே கேள்விதான் உதவுகிறது. இது இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? உன் தலைக்கு மேலே மலையில் ஒரு காலத்தில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த காடுகள் பல, ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளிக்கு மாறின. பணம் ஒரு காரணம். உரலும் உலக்கையும் இன்னொரு காரணம். சாமையை உமி போகக் குத்தி எடுப்பது பெண்களின் முதுகை ஒடிக்கிற வேலை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே விதையைக் காப்பாற்றும் வேலையைத் தொடங்கியபோது, சாமையின் பெருமையைப் பேசுவதோடு நிற்கவில்லை. உமி நீக்கும் இயந்திரங்களை ஊர்களுக்குள் கொண்டுபோனார்கள், மகளிர் குழுக்கள் தானியத்தைப் பொட்டலம் போட்டு விற்கவும் துணை நின்றார்கள். அந்த மலையின் சாமை ரகமான மல்லியச்சாமை உயர்ந்தது என்று ஆயிரம் பேர் மேடையில் பேசியிருக்கலாம். இயந்திரம் வந்திராவிட்டால் அந்தப் பெண்களின் கை இன்னும் உலக்கையில்தான் இருந்திருக்கும்.

உன் சூப்பையும் இப்படி நிறுத்துப் பார். கிழங்கு வலியைப் போக்குகிறதோ இல்லையோ, மலை இறங்கி வந்தவருக்குச் சூடாக ஒரு டம்ளர், உட்கார ஒரு பெஞ்சு, மிளகின் காரம், உன் அம்மாவின் பேச்சு. இதற்குக் காசு வாங்குவதில் ஒரு தப்பும் இல்லை. போர்டில் ‘மூட்டு வலி தீரும்’ என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. முட்டி சிவந்து வீங்கிக் காய்ச்சலோடு வருகிற ஒருவர் அந்த வரியை நம்பி ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போட்டால், அந்த வரி இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீதான் யோசிக்கவேண்டும். ‘முடவாட்டுக்கால் சூப், சூடாக’ என்று மட்டும் எழுது. வியாபாரம் குறையும் என்று அம்மா சொல்வார். குறைகிறதா என்று அதையும் நோட்டில் எழுது.

பொங்கல் கழித்து நான் அந்தப் பக்கம் வருகிறேன். முதல் பக்கத்தில் எனக்கு ஒரு வரி விட்டு வை. இடது முட்டி, பத்துக்கு ஆறு. எந்தப் பாத்திரத்திலிருந்து ஊற்றினாய் என்று அன்றைக்குச் சொல்லாதே.

அன்புடன்,
உன் ஐயா