வலைத்தளத் தொழிலும் வாடிக்கையாளரும்



கற்கும் கல்வி கைகொடுக்கும் வரை கைச்செலவுக்கு என்ன வழி? நம் விடுதி அறைகளில் நாள்தோறும் எழும் வினா இது. எனக்கு இது பொழுதுபோக்கு வினா அன்று. என் பாட்டனார் தேயிலைத் தோட்ட வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தேவிகுளம் மலைக்கு ஏறியவர். தோட்டத்தில் வேலை உள்ள வரையில்தான் எங்களுக்கு லயத்து வீடு. தந்தையார் ஓய்வு பெற இன்னும் மூன்று ஆண்டுகளே உள்ளன. இயற்பியல் வகுப்பில் அமர்ந்திருக்கும்போதும் அந்த மூன்றாண்டுக் கணக்கு என் நெஞ்சில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆதலால் படிப்போடு ஒரு சிறுதொழிலையும் மேற்கொண்டேன். அது பிறருக்கு வலைத்தளம் அமைத்துக் கொடுத்தல். அதில் கற்றதையும் பட்டதையும் உங்கள்முன் வைக்கிறேன்.

உலகளாவிய வலைக்கான திட்டத்தை டிம் பெர்னர்ஸ் லீ 1989-இல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் வகுத்தார். 1993-இல் அந்நிறுவனம் அதனை எவரும் கட்டணமின்றிக் கையாளலாம் என அறிவித்தது. 2003-இல் வேர்ட்பிரஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் வெளிவந்தது. இன்று கணினி ஒன்றும் பொறுமையும் இருந்தால் சில மாதங்களில் தொழிலைக் கற்றுவிடலாம். கருவி எளிதாகிவிட்டது. அதனாலேயே போட்டி பெருகிவிட்டது. அரியது யாது? வாடிக்கையாளரைத் தேடிப் பெறுதல்!

வள்ளுவர் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அரசனுக்கு உரைத்தவை நம் சிறுதொழிலுக்கும் பொருந்தும். கடைசியிலிருந்து தொடங்குவோம்.

இடம்

வாடிக்கையாளர் வெளிநாட்டில்தான் இருப்பார் என்பது பலர் எண்ணம். நம் எல்லைப்புறத்தையே ஒருமுறை நோக்குங்கள். மறையூர் வெல்லம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. காந்தளூர், வட்டவடைப் பூண்டும் அதனைப் பெற்றுள்ளது. சித்தூர் வட்டத்து முதலமடை மாம்பழத்துக்குப் பெயர்போனது. புற்றடியில் ஏலக்காய் கணினித் திரையில் ஏலம் போகிறது. மூணாற்றிலும் குமுளியிலும் பயணியருக்கு அறை விடும் வீடுகள் பல. இவர்கள் யாவரும் தொலைவில் உள்ளோருக்கு விற்கவேண்டியவர்கள் அல்லரோ?

செய்யவேண்டியது எளிது. ஒரு கடைத்தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது பெயர்ப்பலகைகளைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் கைப்பேசியில் தேடுங்கள். தளமே இல்லாதவர், பழுதான தளம் உடையவர், நல்ல தளம் உடையவர் என மூவகையினர் கிடைப்பர். முதலில் பார்க்கவேண்டியவர் இரண்டாம் வகையினரே. தளம் தேவை என்பதை அவருக்கு நாம் விளக்கவேண்டுவதில்லை. பழுதைக் காட்டினாலே போதும்.

காலம்

கோடை விடுமுறையில் மூணாற்று விடுதிக்காரரிடம் சென்றால் அவருக்குப் பேச நேரமிராது. ஆடி மழையில் அறைகள் காலியாக இருக்கும்போது செல்லுங்கள். அமர்ந்து கேட்பார். நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது. பன்னிரண்டாண்டுக் கணக்கின்படி அடுத்த பூப்பு 2030-இல் எதிர்பார்க்கப்படுகிறது. அவ்வாண்டுக்கான பக்கத்தைப் பூத்தபின் எழுதினால் யாருக்குப் பயன்? வரையாடுகள் குட்டி ஈனும் பருவமாகிய பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரவிகுளம் பூங்காவை மூடுவது வழக்கம். இதனை முன்கூட்டியே தெரிவிக்கும் தளத்தைப் பயணி நம்புவான். உள்ளூர்க்காரர்களாகிய நாம் இவற்றை அறிவோம். அதுவே நம் முதல்.

வலி

நம் வலிமை எது? மதுரையிலிருந்து வருபவர்க்குத் தமிழிலும் எறணாகுளத்திலிருந்து வருபவர்க்கு மலையாளத்திலும் பிழையின்றி எழுதவல்லோம். எல்லையில் பிறந்ததைக் குறையாக எண்ணிய நாள் உண்டு. இன்று அதற்கே எனக்குக் கூலி கிடைக்கிறது.

வலிமையை அளந்து விலை கூறவேண்டும். ஐந்து பக்கத் தளத்துக்கு 40 மணி நேரம் ஆகும் என்று கொள்வோம். 6,000 ரூபாய் கேட்டால் மணிக்கு 150 ரூபாய் எனத் தோன்றும். ஆனால் தேடி அலைந்தது, பேசியது, திருத்தியது ஆகியவற்றுக்கு 20 மணி போயிருக்கும். ஆக, 60 மணிக்கு 6,000. உண்மைக் கூலி 100 ரூபாயே. தளப்பெயருக்கும் சேவையகத்துக்கும் ஆண்டுதோறும் ஆகும் கட்டணத்தைத் தனியே சொல்லாவிடில் அதிலும் குறையும்.

தெரிந்து செயல்

என் முதல் வாடிக்கையாளர் 8,000 ரூபாய்க்கு இசைந்தார். 2,000 முன்பணம் தந்தார். பிறகு வண்ணத்தை மாற்று, படத்தை மாற்று என நான்கு திங்கள் கழிந்தன. தளம் ஏறிற்று, மீதிப்பணம் வரவில்லை. அந்த ஆண்டு தேர்வுக் கட்டணத்தை அம்மா தம் சீட்டுப் பணத்திலிருந்து கட்டினார். தவறு அவருடையது மட்டுமன்று. எத்தனை பக்கம், எத்தனை திருத்தம், எந்நாளில் எவ்வளவு பணம் என எதையுமே எழுதிக்கொள்ளாத என் தவறும் உண்டு. இப்போது ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுகிறோம். பாதி முன்பணம், கால்பங்கு மாதிரி காட்டியவுடன், மீதி தளம் ஏறும் நாளில்.

நாமும் நேர்மை தவறலாகாது. தளப்பெயரை வாடிக்கையாளர் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். நண்பர் ஒருவர் எளிது என்று தம் பெயரில் பதிந்தார். பின் வேலை கிடைத்து வெளியூர் போனார். புதுப்பிப்பார் இல்லாமல் அந்தப் பெயரே கடைக்காரர் கையைவிட்டுப் போயிற்று. அதன்பின் அத்தெருவில் நான்கு கடைகளில் நான் பேச்சைத் தொடங்கவே முடியவில்லை. ஒருவர் கெடுத்த நம்பிக்கைக்குப் பின்வருவோர் அனைவரும் விலை கொடுக்கவேண்டியிருக்கிறது.

தொழில் வளர்வது புதியவரைத் தேடுவதால் மட்டுமன்று, பழையவரைப் பேணுவதால். விலை மாற்றவும் படம் சேர்க்கவும் நகலெடுத்து வைக்கவும் ஆண்டுக்கு 2,400 ரூபாய் பெறுங்கள். பத்துப்பேர் சேர்ந்தால் 24,000. மாதம் 2,000 ரூபாய் உறுதி. அவர்களுள் ஒருவர் சொல்லித்தான் எனக்குப் பதினோராமவர் வந்தார்.

தோழர்களே, இத்தொழில் படிப்புக்கு மாற்று ஆகாது. வாரத்தில் எத்தனை மணி என வரையறுத்து, தேர்வு மாதத்தில் புதுவேலை ஏற்காதிருங்கள். வரும் சனிக்கிழமை உங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு குறிப்பேட்டுடன் நடந்துபாருங்கள். இருபது பெயர்ப்பலகைகள், அவற்றுள் ஒன்று உங்களுக்காகக் காத்திருக்கலாம்.