மாற்றும் முன் சோதிப்போம்
மண்வாரி இயந்திரத்தில் மின்கோளாறைக் கண்டறியும் முறை

செம்பனை மறுநடவு நடைபெறும் தோட்டங்களில் மண்வாரி இயந்திரம் இன்றியமையாத ஒன்றாகிவிட்டது. பழைய மரங்களைச் சாய்ப்பதும், வடிகால் தோண்டுவதும், பாதை அமைப்பதும் அதன் பணிகள். காலையில் அது இயங்க மறுத்தால் அன்றைய வேலை முழுவதும் நின்றுவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தில் நான் கண்ட நிகழ்ச்சி இது. மழைக்காலம். பாதி தோண்டிய வடிகாலின் ஓரத்தில் மண்வாரி நின்றிருந்தது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஓசை மட்டுமே எழுந்தது. பேட்டரி கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, புதியன இரண்டு வாங்கிப் பொருத்தினர். மூன்றாம் வாரத்தில் மீண்டும் அதே நிலை! ஓட்டுநர் இரவில் விளக்கை அணைக்காமல் சென்றிருப்பார் என்று பழி எழுந்தது. பேட்டரியின் விலையை அவர் சம்பளத்தில் பிடிக்க வேண்டும் என்றும் பேசப்பட்டது. அவர் எவ்வளவோ மறுத்தும் எவரும் செவிசாய்க்கவில்லை.

உண்மையை எவ்வாறு கண்டறிவது? முதலில் மின்சாரம் செல்லும் வழியை அறிந்துகொள்வோம்.

மின்சாரத்தின் பாதை

பெரும்பாலான மண்வாரிகளில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டு 24 வோல்ட் பெறப்படுகிறது. மின்சாரம் பேட்டரியின் நேர்முனையிலிருந்து முதன்மைச் சுவிட்ச் வழியாக ஸ்டார்ட்டருக்குச் செல்கிறது. பின்னர் என்ஜின், எர்த் கேபிள், இரும்புச் சட்டம் ஆகியவற்றின் வழியே எதிர்முனைக்குத் திரும்புகிறது. போகும் வழியைக் கவனிக்கும் நாம், திரும்பும் வழியை மறந்துவிடுகிறோம். என்ஜின் ஓடத் தொடங்கியபின் ஆல்டர்னேட்டர் பேட்டரிக்கு மின்னேற்றுகிறது.

வீட்டுத் தண்ணீர்க் குழாயை எண்ணிப் பாருங்கள். குழாயினுள் அழுக்கு அடைத்திருந்தாலும், திருகு மூடியிருக்கும்போது அழுத்தம் குறையாது. திருகைத் திறந்தால்தான் நீர் சொட்டுச் சொட்டாக வருவது தெரியும். மின்சாரமும் அவ்வாறே. துருப்பிடித்த கேபிளிலும் சுமை இல்லாதபோது மீட்டர் 24 வோல்ட்டுக்கு மேல் காட்டும். ஸ்டார்ட்டரோ நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தைக் கேட்கும். ஒரு மூட்டில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே, 500 ஆம்பியர் செல்லும்போது 5 வோல்ட் அங்கு வீணாகிவிடும்.

நான்கு படிகள்

1. கண்ணால் காணுதல்: வாளியைத் தரையில் இறக்கி, சாவியை எடுத்துவிடுங்கள். பேட்டரி முனைகளில் வெண்மையான அல்லது பச்சை நிறப் பூச்சு உள்ளதா? மூட்டுகள் தளர்ந்துள்ளனவா? ஆல்டர்னேட்டர் பெல்ட் தொய்ந்துள்ளதா? எலி கடித்த அல்லது இரும்பில் உராய்ந்து தோல் உரிந்த வயர் உண்டா? தோட்டங்களில் எலித் தொல்லையைச் சொல்ல வேண்டியதில்லை.

2. ஓய்வில் அளத்தல்: சில மணி நேரம் நின்ற இயந்திரத்தில் இரு பேட்டரிகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 25.2 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ இருந்தால் மின்னேற்றம் நிறைவாக உள்ளது. 24.4 என்றால் பாதியளவே உள்ளது. ஒவ்வொரு பேட்டரியையும் தனியாகவும் அளக்க வேண்டும். சிலர் ரேடியோவுக்காக ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுக்கின்றனர். இதனால் ஒன்று நாளடைவில் வற்றுகிறது. மற்றொன்று அளவுக்கு மீறி மின்னேற்றம் பெறுகிறது. இரண்டுமே விரைவில் கெடும்.

3. சுமையில் அளத்தல்: இதுவே முதன்மையான சோதனை. பாதுகாப்புப் பிடியைப் பூட்டிய நிலையில் ஒருவர் இருக்கையில் அமர்ந்து சாவியைத் திருப்ப, மற்றொருவர் விசிறிக்கு விலகி நின்று அளக்க வேண்டும். பேட்டரிகளில் 19 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கினால் பேட்டரியின் மீது ஐயம் கொள்ளலாம். இறங்காமலிருந்தும் ஸ்டார்ட்டர் சுழலவில்லையென்றால், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றதை என்ஜினின் சுத்தமான இரும்புப் பகுதியிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்குமேல் காட்டினால் திரும்பும் வழியில் தடை உள்ளது என்பது பொருள். நேர்முனையிலிருந்து ஸ்டார்ட்டர் வரையுள்ள வழியையும் இவ்வாறே பகுதி பகுதியாகச் சோதிக்கலாம்.

4. ஓடும்போது அளத்தல்: என்ஜின் ஓடுகையில் 27 முதல் 29 வோல்ட் வரை இருத்தல் நன்று. 25 வோல்ட்டிலேயே நின்றால் பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் அதன் வயர்களையும் பார்க்க வேண்டும். 30 வோல்ட்டைத் தாண்டினால் மின்னேற்றம் மிகுதி. பேட்டரி விரைவில் பாழாகும்.

செய்யத் தகாதவை

மின்னேறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. ஒரு தீப்பொறி போதும், அது வெடிக்க. ஆகவே அருகில் புகைபிடிக்கலாகாது. மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி அணிந்து வேலை செய்க. கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பொருத்தும்போது அதனை இறுதியிலும் கையாள வேண்டும். என்ஜின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றினால் ஆல்டர்னேட்டர் பழுதாகும். இயந்திரத்தில் வெல்டிங் செய்யுமுன் பேட்டரி இணைப்பை நீக்கிவிடுங்கள். எரிந்த பியூஸுக்குப் பதிலாகத் தடித்த கம்பியையோ ஆணியையோ வைப்பது தீயை விலைகொடுத்து வாங்குவதாகும். பியூஸ் மீண்டும் மீண்டும் எரிந்தால், அது நமக்கு ஏதோ சொல்கிறது, காரணத்தைத் தேடுங்கள்.

முன்பு கூறிய மண்வாரிக்கு என்ன ஆயிற்று? பட்டறையிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் மூன்றாம் படியின் சோதனையைச் செய்தார். திரும்பும் வழியில் 4 வோல்ட்டுக்குமேல் வீணாவதை மீட்டர் காட்டியது. என்ஜினையும் சட்டத்தையும் இணைக்கும் எர்த் கேபிளின் முனை, சேற்று நீரில் ஊறி உள்ளுக்குள் அரித்துப்போயிருந்தது. புதிய பேட்டரிகளின் வலிமை அக்குறையைச் சில நாள் மறைத்திருந்தது, அவ்வளவே. கேபிளை மாற்றி, மூட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்தவுடன் என்ஜின் உறுமி எழுந்தது. ஓட்டுநரின் சம்பளத்தில் கைவைக்கும் பேச்சும் அன்றோடு நின்றது.

ஊகம் பொருளை வீணாக்குவதோடு, குற்றமற்றவர் மீது பழியையும் சுமத்திவிடும். ஆதலால் ஓட்டுநர்களே, அளந்த எண்களை நாள் குறித்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இயந்திரத்தின் நலத்தையும் உங்கள் நேர்மையையும் அந்த நோட்டே எடுத்துரைக்கும்.