அட்மின் பாஸ்வேர்டு மறந்துவிட்டதா? ஃபார்மட்டுக்கு முன் செய்ய வேண்டியவை: முழுமையான வழிகாட்டி

தமிழக அரசு 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் அந்த மடிக்கணினிகள் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. வாங்கிய பிள்ளை வேலைக்கு வெளியூர் போயாயிற்று. அட்மின் பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில்லை. கடையில் கொடுத்தால், "ஃபார்மட் போட்டுடலாமா?" என்பார்கள். உடனே தலையாட்டாதீர்கள். பழைய கணினியில் பாஸ்வேர்டு போனாலும் உள்ளே இருக்கும் படங்களும் சான்றிதழ்களும் பத்திரமாகவே இருக்கும்.

இந்த வழிகள் சொந்தக் கணினிக்கு மட்டும். கல்லூரி, அலுவலகக் கணினி என்றால் அங்குள்ள சிஸ்டம் அட்மினிடம் போங்கள். அடுத்தவர் கணினியில் மோசடியாக நுழைந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு.

1. முதலில் கீபோர்டைப் பாருங்கள்

கேப்ஸ் லாக் எரிகிறதா? திரையின் மூலையில் மொழி தமிழ் என்று இருக்கிறதா? தமிழ்த் தட்டச்சு ஏற்றிய கணினிகளில் சரியான பாஸ்வேர்டும் இதனாலேயே தவறாகிவிடும். விண்டோஸ் 7 என்றால், தவறாக அடித்ததும் முன்பு எழுதிவைத்த குறிப்பைக் காட்டும்.

2. எந்த வகைக் கணக்கு?

மின்னஞ்சல் கொடுத்து நுழைந்திருந்தால் அது மைக்ரோசாஃப்ட் கணக்கு. போனிலேயே மைக்ரோசாஃப்ட் தளத்துக்குப் போய், "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்பதைத் தேர்ந்தெடுத்து, வரும் குறியீட்டை அடித்துப் புதியதை வையுங்கள். பிறகு மடிக்கணினியை வைஃபையில் இணைத்து, அதைக் கொண்டு நுழையுங்கள்.

வெறும் பெயர் மட்டும் உள்ள லோக்கல் கணக்கா? விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து மூன்று பாதுகாப்புக் கேள்விகள் உண்டு. அமைத்திருந்தால், தவறாக அடித்ததும் அதற்கான இணைப்பு வரும். அதே கணினியில் வீட்டில் வேறொருவருக்கு அட்மின் கணக்கு இருந்தால், அவரே மாற்றித் தரலாம்.

3. வழி இல்லையா? கோப்புகளை எடுங்கள்

வேறொரு கணினியில் உபுண்டு அல்லது பாஸ் லினக்ஸை லைவ் பென்டிரைவாக (நிறுவாமலே பென்டிரைவிலிருந்து இயங்கும்படி) தயார் செய்யுங்கள். பூட்டிய மடிக்கணினியில் அதைச் செருகி, ஆன் செய்ததும் பூட் மெனு பொத்தானைத் தட்டுங்கள். லெனோவா, டெல் கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. "இன்ஸ்டால்" பக்கம் போகாமல் "டிரை" என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஹார்டு டிஸ்க்கைத் திறந்து, தேவையானதை வெளி டிரைவுக்கு நகலெடுங்கள்.

புதிய மடிக்கணினிகளில் பிட்லாக்கர் குறியாக்கம் இருக்கலாம். அதற்கு 48 இலக்க மீட்பு எண் வேண்டும். பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அது எங்கும் கிடைக்காவிட்டால் கோப்புகளை மறந்துவிட வேண்டியதுதான்.

4. கடைசியில்தான் ரீசெட்

விண்டோஸ் 10, 11 என்றால், ஷிஃப்டை அழுத்தியபடியே ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபுள்ஷூட், ரீசெட் திஸ் பிசி என்று போங்கள். கோப்புகளை வைத்துக்கொள்ளும் வழி அட்மின் பாஸ்வேர்டையே கேட்கலாம். அப்போது எல்லாவற்றையும் அழிக்கும் வழிதான் மிஞ்சும். மூன்றாம் படியை முடிக்காமல் இங்கே வராதீர்கள்.

5. இனிமேல்

நுழைந்த கையோடு இரண்டாவது அட்மின் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். பாஸ்வேர்டையும் மீட்பு எண்ணையும் இரண்டு காகிதங்களில் எழுதி, ஒன்றை வீட்டிலும் இன்னொன்றை வெளியூர்ச் சொந்தக்காரரிடமும் வையுங்கள். 2011 தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த கடலூர் மாவட்டத்தில், ஒரே பீரோவில் இருக்கும் ஒரே காகிதத்தை நம்ப முடியாது.