வாங்கிய கை

சேசு மரி சூசை துணை

சாந்தோம்,
திருவருகைக் காலம், முதல் வாரம்.

அன்பு மகனுக்குப் பெரியப்பா எழுதுவது.

"இத்தனை வருஷம் அப்பா வீட்டில் எல்லாம் தானாக நடந்தது பெரியப்பா. அடையாறு வீட்டுக்கு வந்த பிறகு வரும் முதல் கிறிஸ்துமஸ் இது. எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை" என்று போனில் சொன்னாய். போனில் பதில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன்.

ஸ்டார் வாங்குவதற்கும் கேக்குக்குச் சொல்வதற்கும் முன்னால், ஒரு நாள் மாலை ஜெபமாலை முடிந்ததும் நீயும் மருமகளும் பிள்ளைகளும் அப்படியே உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதுங்கள். யாருக்கு என்ன கொடுக்கலாம் என்ற பட்டியலைப் பிறகு போடலாம். முதலில் எழுத வேண்டியது, நாம் யார் யாரிடம் என்னென்ன வாங்கியிருக்கிறோம் என்பதை. பிள்ளைகளும் சொல்லட்டும். பென்சில் கடன் கொடுத்த சிநேகிதி பெயரைச் சொன்னாலும் எழுதிக்கொள். நம் குடும்பத்துப் பண்டிகை அந்தக் காகிதத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

உன் பட்டியலின் முதல் வரியை நானே சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பர். நீ வேலைக்குச் சேர்ந்த புதிது. 1ஆம் தேதி முழுக்க விடாத மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி தண்ணீர் வெளியேற, அடையாறு கரையை மீறியது. விடிவதற்குள் உங்கள் கோட்டூர்புரம் வீட்டின் கீழ்த்தளம் முழுகிவிட்டது. கரண்ட் இல்லை, போன் இல்லை, விமான நிலையமே மூடிக்கிடந்தது. மாடி வீட்டு மாமி சுத்த சைவம். தன் அடுப்பையும் அரிசியையும் உன் அம்மா கையில் ஒப்படைத்துவிட்டு, "உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க" என்றார்களாம். மறுநாள் பள்ளிவாசலிலிருந்து வந்த பையன்கள் இடுப்பளவு தண்ணீரில் பொட்டலங்களைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்கள். யாரிடமும் கை நீட்டிப் பழகாதவன் உன் அப்பா. அன்று மாடிப்படியில் நின்று இரண்டு கையாலும் ஒரு எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டான்.

அந்த வருஷம் நம் குடும்பத்தில் யாருக்கும் புதுத்துணி இல்லை. கேக்கும் இல்லை. ஆனால் நள்ளிரவுப் பூசையில் உன் அப்பா என் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தபோது, அவன் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்திராத ஓர் அமைதி இருந்தது. நாம் வாங்கியவர்கள் என்று உணர்ந்தவனின் ஜெபம் வேறு மாதிரி இருக்கிறது, மகனே.

பண்டிகையின் விசுவாசமும் அங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன். ஆண்டவர் எல்லாவற்றையும் கொடுக்கத்தான் வந்தார். வந்த கோலமோ, வாங்குகிறவரின் கோலம். பிறந்த இடம் பிறத்தியாருடையது, படுத்த தொட்டி மாட்டினுடையது, முதலில் பார்க்க வந்தவர்கள் ராக்காவல் இடையர்கள். இதைப் பிள்ளைகளுக்குப் பிரசங்கமாகச் சொன்னால் மனதில் நிற்காது. குடில் கட்டச் சொல். 1223ஆம் ஆண்டு இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் குடில் அமைத்ததும், எளிய ஜனங்கள் கண்ணால் பார்த்து அறிய வேண்டும் என்பதற்காகத்தான்.

கடைகளில் விளக்குப் போட்டு ரெடிமேடாக விற்கும் குடிலை வாங்காதே. நம் வீட்டுக் குடிலில் நிற்கும் பசுவும் கன்றும், உன் பாட்டி நவராத்திரி சமயத்தில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதி நடைபாதையில் பேரம் பேசி வாங்கியவை. கன்றுக்கு ஒரு காது உடைந்திருக்கும். அந்த இரண்டையும் உன் பிள்ளைகளுக்குத் தந்துவிடலாம் என்றிருக்கிறேன். டிசம்பர் 14, 15 வாக்கில் ஒரு தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகை ஊற வைத்துத் தூவி, தினமும் கையால் தண்ணீர் தெளிக்கச் சொல். 24ஆம் தேதிக்குப் பசும்புல்லாக நிற்கும். தொட்டி மட்டும் அதுவரை காலியாக இருக்கட்டும். பூசை முடிந்து வீடு திரும்பியதும் சின்னவன் பாலனைக் கிடத்தட்டும். எவ்வளவு தூக்கக் கலக்கமானாலும் அவனை எழுப்பி அவன் கையாலேயே வைக்கச் செய். கோயிலில் பாலன் சுரூபத்தை முத்தி செய்யும் வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் நின்று போங்கள். முன்னே ஒரு மீன்காரம்மா, பின்னே ஒரு ஐ.டி. கம்பெனிக்காரர் என்று எல்லோரும் ஒரே பாதத்துக்குக் குனிவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

இன்னொன்றும் இந்த நான்கு வாரத்துக்குள் செய். ஒரு சாயங்காலம் அவர்களை லஸ் கோயிலுக்கு அழைத்துப் போ. நம் பெரியவர்கள் காட்டுக் கோயில் என்பார்கள். பிரகாச மாதா ஆலயம். அங்குள்ள கல்வெட்டு 1516ஆம் ஆண்டைச் சொல்கிறது. கடலில் தத்தளித்த போர்ச்சுகீசிய மாலுமிகள் ஒரு வெளிச்சத்தைப் பின்பற்றிக் கரை சேர்ந்து, அது மறைந்த இடத்தில் நன்றியாகக் கட்டியது என்று வழிவழியாகச் சொல்கிறோம். சுற்றிலும் கச்சேரி சீசன், காலையில் திருப்பாவை, வாசல்தோறும் மார்கழிக் கோலம். அதற்கு நடுவே நன்றிக்காக எழுந்த ஒரு கோயில் ஐந்நூறு ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. அங்கே நின்று அந்தப் பட்டியலை மெதுவாக வாசியுங்கள்.

இனி, கொடுப்பதைப் பற்றி.

துணி எடுக்க தி.நகர் போவீர்கள். டிசம்பர் முதல் பத்து நாளுக்குள், சனி ஞாயிறு இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் ரோட்டிலும் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைகள் பலர் தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். பண்டிகைக்கு ஊருக்குப் போக லீவு கிடைக்காதவர்கள். அவர்கள் உட்கார ஓர் இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தியதே 2021இல்தான். நாற்பது புடவையைப் பிரிக்க வைத்துவிட்டு எழுந்து வராதீர்கள். எடுத்துக் காட்டியவரைப் பெயர் கேட்டு நன்றி சொல்லுங்கள். உங்களுக்கு எடுத்துக் காட்டுவதற்காகக் காலையிலிருந்து நிற்பவர்கள் அவர்கள்.

உங்களுக்கு எடுக்கும் அதே கடையில், அதே விலையில், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கும் எடு. புடவையோடு பிளவுஸ் துணியும் தையல் கூலியும் சேர்த்துக் கொடு. இன்றைக்குத் தையல் கூலி என்ன என்று மருமகளைக் கேள், தெரியும். புடவையை மட்டும் கொடுத்தால் பாதிச் செலவை அவர்கள் தலையில் ஏற்றுகிறோம். டெய்லரிடம் கொடுத்துத் தைக்க நாள் வேண்டும், ஆகவே 10ஆம் தேதிக்குள் அவர்கள் கைக்குப் போய்ச் சேரட்டும். வாட்ச்மேன் பிள்ளைக்குச் சட்டை என்றால் அளவைக் கேட்டு வாங்கு. பீரோவிலிருந்து எடுத்த பழசைப் பண்டிகையின் பெயரால் யாருக்கும் கொடுக்காதே. கொடுக்கும்போது செல்போனில் படம் எடுக்காதே. உன் அப்பா அன்று பொட்டலம் வாங்கியதை யாராவது படம் எடுத்திருந்தால், அவன் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்று யோசித்துப் பார்.

முகம் தெரியாதவர்களுக்குச் செய்வதைப் பங்கிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபையார் வழியாகச் செய். 1833இல் பாரிசில் ஓசனாம் என்ற இருபது வயது மாணவர் தோழர்களோடு தொடங்கியது அது. ஏழைகளின் வீடு தேடிப் போய் உட்கார்ந்து பேசுவதுதான் அன்றைக்கும் இன்றைக்கும் அவர்கள் வழக்கம். பணத்தோடு நின்றுவிடாமல், ஒரு ஞாயிறு நீயும் அவர்களோடு போய் வா.

பலகாரத் தட்டுக்கு வருகிறேன். உங்கள் அபார்ட்மெண்டில் முட்டை சேர்க்காதவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களுக்கு அச்சு முறுக்கும் கல்கலும் தேங்காய்ப்பால் விட்டுத் தனியாகச் செய்யுங்கள். புது எண்ணெய், தனிச் சட்டி. மாவில் முட்டை இல்லை என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். கேட்க வேண்டிய சங்கடம் அவர்களுக்கு வரக் கூடாது. அக்கம்பக்கத்தார் மார்கழியில் வெண்பொங்கல் கொண்டு வந்தாலும், நவராத்திரிக்குச் சுண்டல் கொடுத்தாலும், ரம்ஜானுக்கு நோன்புக் கஞ்சி அனுப்பினாலும் முகம் மலர்ந்து வாங்கிக்கொள். நம்மில் சிலர் இதில் தயங்குவார்கள், எனக்குத் தெரியும். அவரவர் மனசாட்சி அவரவருக்கு. என் மனசாட்சி சொல்வது இது: அயலாரின் அன்பை வாசலில் நிறுத்திவிட்டு, நம் அன்பை மட்டும் அவர்கள் வீட்டுக்குள் அனுப்புவது நியாயமில்லை.

மருமகள் பாளையங்கோட்டை சி.எஸ்.ஐ. குடும்பம். நம் முறைக்கு அந்தப் பெண் முழுக்க மாறிக்கொள்ள வேண்டும் என்று நீ எதிர்பார்க்காதே. அவர்கள் வீட்டில் விடியற்காலை ஆராதனைக்குப் போவார்கள், கீர்த்தனை பாடுவார்கள். திருநெல்வேலியில் பிறந்து தஞ்சாவூரில் பாடிய வேதநாயக சாஸ்திரியாரை எனக்கு அறிமுகப்படுத்தியவர் உன் மாமியார்தான். 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதியவர். தமிழில் பண்டிகை கொண்டாட இப்படி ஒரு பொக்கிஷம் இருப்பதை எங்கள் தலைமுறைக் கத்தோலிக்கர் பலர் அறியவே இல்லை. நம் ஜெபமாலையும் அவர்கள் கீர்த்தனையும் ஒரே அறையில் ஒலிக்கட்டும். சம்பளத்தில் தசமபாகம் பிரித்து வைக்கும் பழக்கத்தையும் அவர்களிடமிருந்து கற்றுக்கொள். வருஷம் முழுக்க ஒதுக்கி வைத்தால் டிசம்பரில் கை தாராளமாக இருக்கும்.

பண்டிகை 25ஆம் தேதி இரவோடு முடிவதில்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. வீடுகளில் முந்தின நாள் ஸ்டார் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் கடல் எழுந்து நொச்சிக்குப்பத்திலும் சீனிவாசபுரத்திலும் புகுந்தது. வேளாங்கண்ணியில் மாதாவைப் பார்க்க வந்திருந்த யாத்ரீகர்களையும் வாரிக்கொண்டு போனது. இன்றும் அந்த நாளில் மீனவ ஜனங்கள் கடலில் பாலூற்றிப் பூத்தூவி அழுகிறார்கள். லூப் ரோட்டில் நாம் வஞ்சிரம் வாங்கும் அம்மாக்களின் வீட்டுப் பிள்ளைகளும் அந்த அலையில் போனார்கள். இந்த 26ஆம் தேதி காலை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பட்டினப்பாக்கம் வா, நானும் வருகிறேன். சற்றுத் தள்ளி நின்று அவர்களுக்காக ஜெபிப்போம். பெரியவள் கேள்வி கேட்பாள். நல்ல கடவுள் ஏன் விட்டார் என்று கேட்டால் அதட்டாதே. எனக்கும் முழுப் பதில் தெரியாது என்று சொல்லிவிடு. நம் ஊர்க் காவலரான தோமாவே காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்றவர்தான், ஆண்டவர் அவரைத் தள்ளிவிடவில்லை என்பதையும் சொல்.



24ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் இங்கே வந்துவிடுங்கள். கச்சேரி ரோட்டில் மெட்ரோ வேலை நடக்கிறது, இரவில் சாந்தோம் ரோட்டில் கார் நிறுத்த இடமும் கிடைக்காது. பஸ்ஸில் வருவதே மேல். பெரியம்மா கல்கல் மாவு பிசைந்து வைத்திருப்பாள், சீப்பில் உருட்டக் கை வேண்டும் என்கிறாள். கோட்டூர்புரம் மாடி வீட்டு மாமி இப்போது மகன் வீட்டில் மந்தைவெளியில் இருக்கிறார்களாம். நீயே நேரில் போய்க் கூப்பிடு. அவர்களுக்குத் தனிச் சட்டியில் செய்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா